கல்வெட்டில் சேராத தேற்றம்

இராசமலரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டில், தேவாரத்துக்கும் புலம்பல் பாட்டுக்கும் நடுவே, அவளுடைய தேற்றத்தையும் போடவேண்டும் என்று அவளின் அப்பா அருளம்பலத்தார் பிடிவாதமாக நின்றார். செத்தவருக்கு அடிக்கும் நினைவுப் புத்தகத்தில் கணிதம் போட்ட வீடு யாழ்ப்பாணத்தில் வேறு இருக்காது. குருநகர்க் கத்தோலிக்கப் பெண்ணான எனக்கு அந்த வழக்கமே புதிது. ஆனாலும் எழுத்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவளோடு ஆராய்ச்சி செய்தவர்களில் ஊரில் மிச்சம் நான் ஒருத்திதான்.

எங்களுடைய ஆராய்ச்சி முடிவிலி ஏபெலியன் கூட்டங்கள் பற்றியது; எண்களைப்போல ஒன்றோடொன்று கூட்டக்கூடிய உறுப்புகளின் தொகுதிகள் அவை. அவற்றில் சில உறுப்புகளைத் தம்மோடு தாமே கூட்டிக்கொண்டு போனால் எப்போதோ பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். சில எவ்வளவு கூட்டினாலும் திரும்பாது. எந்த நிபந்தனையில் இந்த இரண்டையும் தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்பதுதான் கேள்வி. ஒருத்தி நிறுவியதை மற்றவள் கிழிகிழியென்று கிழித்த பிறகுதான் வெளியே காட்டுவோம். இந்த முறை கொழும்பில் புலமைப்பரிசில் நேர்முகத்துக்கு நாள் நெருங்கிவிட, இராசமலர் மகாராணி எனக்குக் காட்டாமலே புறப்பட்டாள். போரில் தரைப்பாதை மூடியிருந்ததால் படகில்தான் போகவேண்டும்; கிளாலிக் கடலில் நேவிக்காரர் அந்தப் படகைச் சுட்டுவிட்டார்கள்.

அவள் தன் வீட்டில் விட்டுப்போன பிரதியை வாங்கிவந்து திருத்த உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே அகப்பட்டது. முடிவுள்ள கூட்டல்களுக்குச் சரியான ஒரு படியை அப்படியே முடிவிலிக்கும் இழுத்திருந்தாள். ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் அத்தனை மணி கொண்ட ஒரு மணிக்கூடு என்று முடிவில்லாத மணிக்கூடுகளைச் சேர்த்து, அதற்குள் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பார்த்தேன். அவளின் நிபந்தனை பொருந்தியது, கூட்டம் பிரியவில்லை. தேற்றமே பிழை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடி விசரி, இதைக் கொண்டுபோகவா படகேறினாய் என்று கத்திவிட்டு அழுதேன்.

பேசாமல் விட்டிருக்கலாம். கல்வெட்டை வாசிக்கப்போகிற ஒருவருக்கும் அது விளங்காது. ஆனால் பிழையென்று தெரிந்த ஒன்றின் கீழே அவள் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாயில் அவளின் வீட்டுக்குப் போனேன். அருளம்பலத்தார் மிளகாய்த் தோட்டத்தில் நின்றார்.

“ஐயா, இராசமலரின்ரை தேற்றம் பிழை.”

அவர் மண்வெட்டியை விட்டு நிமிர்ந்தார். “திருத்தேலாதோ பிள்ளை?”

“ஏலாது.”

அவர் பாத்தியை விட்டு வரம்புக்கு ஏறினார்.

“உது அவளுக்குத் தெரியுமோ?”

“இல்லை ஐயா. தெரிஞ்சிருந்தால் போயிருக்கமாட்டாள்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் வரம்பிலேயே குந்திவிட்டார்.

“அப்ப என்ரை பிள்ளை சந்தோசமாத்தான் படகேறியிருக்கிறாள்,” என்றார்.