பூனைக் கதையில் பாதி

மருத்துவமனைகளின் துணியை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை நிலையத்தில், மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரை எல்லோரும் சைலன்சர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைத்தவர் உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். மடிப்பு சரியில்லை என்றால் அவள் திட்ட மாட்டாள். விரிப்பை உதறி, திரும்ப மடித்து, அவரவர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். மற்றவர்களிடம் திட்டு வாங்கியவர்களைவிட அந்த மடிப்பை வாங்கியவர்கள்தான் அதிகம் பயந்தார்கள்.

அப்படிப்பட்டவளை மேனேஜர் ஒருநாள் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, ஊழியர் கூட்டத்தில் பேசச் சொன்னார். நிலையம் ஊருக்கு வெளியே புதிய கட்டடத்துக்குப் போகப்போகிறது. செய்தி ஏற்கெனவே கசிந்து, ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தான் பேசினால் எடுபடாது என்று மேனேஜருக்குத் தெரியும். புதிய இயந்திரங்கள், பெரிய ஜன்னல்கள், ஒழுகாத கூரை என்று எதையெதைச் சொல்ல வேண்டும் என அடுக்கிவிட்டு, கடைசியில் காரணத்தையும் சொன்னார்.

"நீங்க வாயே திறக்க மாட்டீங்க. அதனாலதான், நீங்க திறந்தா கேப்பாங்க."

அவள் தலையாட்டினாள். சரி என்று ஆட்டினாளா, முடியாது என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. மேனேஜர் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு யோசனை கொட்டியது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உலகத்தில் எதுவுமே அவருக்கு ஸ்டீயரிங் பிடிப்பது மாதிரிதான். பேசும்போது தாளைக் குனிந்து பார்ப்பது, முன்னால் இருக்கும் பானெட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவதற்குச் சமம் என்றார். தூரத்தில் பார்க்க வேண்டும், கடைசி வரிசைக்கும் பின்னால். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கும் நாத்தனார், தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது என்று போனில் சொன்னாள். தாளை நம்பாமல் பேசி மாட்டிக்கொண்ட வக்கீல்களை அவள் தினமும் பார்க்கிறாளாம். கல்லூரியில் பேச்சுப் போட்டிகளுக்குப் போய்வரும் மகளோ, கேள்வியில் ஆரம்பித்துக் கேள்வியில் முடிக்கச் சொன்னாள்.

"என்ன கேள்விடீ கேக்கறது?"

"எதுவா இருந்தாலும் பரவால்லம்மா. பதில் சொல்லாம விட்டுடணும், அவ்வளவுதான்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. நாத்தனார் சொன்னபடி தாளையும், கணவர் சொன்னபடி தூரத்தையும் ஒரே நேரத்தில் எந்தக் கண்ணால் பார்ப்பது என்று யோசித்தபடியே பாத்திரம் துலக்கினாள்.

மேடைப் பேச்சுப் பயிற்சி என்று பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை அங்கே போனாள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை அது. முழங்கால் மேசையில் இடிக்கிற பெஞ்சுகளில் ஒரு பல் மருத்துவர், அடுக்குமாடி வீடுகள் விற்கும் தரகர் ஒருவர், மகள் திருமணத்தில் பேச ஆசைப்பட்டு வந்த அப்பா ஒருவர் என நாலைந்து பேர் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் அவளைவிடப் பல வயது சின்னவள். வார நாட்களில் ஏதோ கால் சென்டரில் வேலையாம்.

கைப்பைக்குள் இருப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்பது முதல் பயிற்சி. சைலன்சர் அக்கா எழுந்து, "சாவி, சீப்பு, பர்ஸ், மாத்திரை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"நல்லாருக்கு," என்றாள் பயிற்சியாளர். "ஆனா அது சாமான் கணக்கு. அந்த மாத்திரை எதுக்கு, அதச் சொன்னீங்கன்னா அது பேச்சு."

மாத்திரை தலைவலிக்கு. தலைவலி இந்தப் பேச்சால். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் கைப்பையை மூடினாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருந்தது. சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கூட்டத்தைப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அதனிடம் பேசுங்கள். நடுவில் மௌனம் வந்தால் பயப்படாதீர்கள், மௌனமும் பேச்சுதான். இதெல்லாம் அந்தப் பெண் சொன்னவை. கடைசியாகச் சொன்னது மட்டும் தனக்காகவே சொன்னதுபோலச் சைலன்சர் அக்காவுக்குப் பட்டது.

சொந்த வாழ்க்கையில் என்ன நடந்தது என்று துழாவியபோது பூனைதான் கிடைத்தது. முன்பு வீடு மாறியபோது வீட்டுப் பூனையைக் கூடையில் வைத்துப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கதவைத் திறந்ததும் அது ஓடிவிட்டது. பெரிய சாலையைக் கடந்து, பழைய வீட்டுப் பூட்டிய கதவின் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. தூக்கி வந்தார்கள். மறுபடியும் போனது. பிறகு அது படுக்கும் கிழிந்த போர்வையையும் சாப்பிடும் தட்டையும் புது வீட்டுச் சமையலறையில் வைத்த பிறகுதான் தங்கியது. தங்கியதோடு விடவில்லை, ஜன்னலோரம் வெயில் காய்ந்து காய்ந்து பருத்துப்போய், கதவுச் சந்தில் நுழைய முடியாமல் முழித்தது.

வகுப்பில் இதைச் சொன்னபோது பல் மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். தரகர், இந்தப் பூனையைத் தன் வியாபாரத்துக்குக் கடன் கேட்டார். இயந்திரம், ஜன்னல், கூரை என்று அவள் எழுதிவைத்திருந்ததை எல்லாம் பயிற்சியாளர் அடித்துவிட்டாள். பூனையைச் சொல்லி முடியுங்கள், மற்றதைக் கடைசியில் இரண்டு வரியில் சொன்னால் போதும் என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைலன்சர் அக்கா உதட்டை அசைத்துப் பூனையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிரே வந்த ஒருவர் தன்னிடம் பேசுகிறாள் என்று நினைத்து நின்றுவிட்டார்.

கூட்டம் உலர்த்தும் கூடத்தில் நடந்தது. அத்தனை இயந்திரங்களையும் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கூடத்தில் அவள் இவ்வளவு வருடத்தில் அமைதியைக் கேட்டதே இல்லை. கூரையிலிருந்து வாளியில் நீர் சொட்டுவதுகூடக் கேட்டது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அப்பால் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு முகம் வேண்டும். கறை மேசைக்காரியின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். விரிப்புகளில் ஒட்டிய இரத்தத்தையும் மருந்தையும் தேய்த்து எடுக்கிறவள் அவள். எப்போதும் சிரித்த முகம். பேசுவதற்கு வசதியான முகம்.

தொடக்கம் நன்றாகவே வந்தது. கூடை வந்தது, பூனை வந்தது, ஓடியது. தூக்கி வந்தார்கள் என்றபோது கூட்டத்தில் சின்னச் சிரிப்பு எழுந்தது. அவளுக்குத் தைரியம் வந்து, குரல் தானாக ஏறியது. இது தன் குரலா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"மறுபடியும் போயிடுச்சு. நாங்க போய்ப் பாத்தோம். மழை. அந்தப் பூட்டின கதவு முன்னாடி நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எங்களத் திரும்பிக்கூடப் பாக்கல. கதவத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அப்போது கறை மேசைக்காரியின் முகம் மாறியது. கண்ணில் நீர் கோத்து, உதடு கோணி, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டில் அவள் கணவர் படுத்த படுக்கை. மதிய இடைவேளையில் ஓடிப்போய் அவருக்கு ஊட்டிவிட்டு ஓடி வருகிறாள். புதிய கட்டடத்திலிருந்து அப்படி ஓட முடியாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சைலன்சர் அக்காவுக்கும் தெரியும். ஆனால் பேச்சு எழுதிய இத்தனை நாளில் ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லையே என்று அந்த இடத்தில்தான் உறைத்தது.

அடுத்த வரி போர்வையும் தட்டும். அது வாயில் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் நின்றாள். நீர் வாளியில் சொட்டியது.

உலர்த்தும் அண்ணன்தான் முதலில் கை தட்டினார். பிறகு ஒரு மூலை, பிறகு எல்லா மூலையும். "அக்கா சொல்லிட்டாங்க. பூனைக்கே தெரியுது, நமக்குத் தெரியாதா?" என்று அவர் சொன்னது தட்டலுக்கு மேலே கேட்டது. அவள் கையை உயர்த்தி இன்னும் இருக்கிறது என்று சைகை காட்டினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப்போய், நான் சொன்னதில் ஒன்றுகூட வரவில்லையே என்று கேட்டார். கோபத்தைவிட அவர் முகத்தில் குழப்பம்தான் அதிகம் இருந்தது. கதை முடியவில்லை, பூனை பிறகு குண்டாகிவிட்டது என்றாள் அவள். மேனேஜர் அவளைப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

சரி, கேட்டவர்களிடமாவது சொல்லிவிடுவோம் என்று சாப்பாட்டு அறைக்குப் போனாள். உலர்த்தும் அண்ணன் எழுந்து நாற்காலி போட்டார்.

"அண்ணே, அந்தப் பூனை அப்புறம் புது வீட்ல பழகிடுச்சு. நான் அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேனேஜர் உங்கள மிரட்டினாரா?"

"இல்லண்ணே. நெசமாவே பழகிடுச்சு. இப்பக்கூட வீட்லதான் இருக்கு."

"நீங்க பயப்படாதீங்கக்கா. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, நாங்க இருக்கோம்," என்று அவர் அவள் முன்னால் தேநீரை நகர்த்தி வைத்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பரிவோடு பார்த்தார்கள். அதற்குமேல் பூனையைப் பற்றி என்ன சொன்னாலும் அது மிரட்டலின் கணக்கில்தான் சேரும் என்று புரிந்து, அவள் தேநீரைக் குடித்தாள்.

அதன் பிறகு காரியங்கள் அவளைக் கேட்காமலே நடந்தன. தனித்தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றாகப் போய் முதலாளியைப் பார்த்தார்கள். வரமாட்டோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். சில வாரம் இழுபறி. கடைசியில் எல்லோருக்கும் வேன் விடுவதாகவும், வர முடியாதவர்களுக்காகக் கறை மேசையையும் துணி வாங்கும் இடத்தையும் பழைய கட்டடத்திலேயே வைத்துக்கொள்வதாகவும் முடிவானது. முதலாளி அவளை வழியில் பார்த்து, நாசூக்காகப் பேசினீர்கள், ஒருவரையும் புண்படுத்தாமல் விஷயத்தை என் காதில் போட்டுவிட்டீர்கள் என்றார். மேனேஜரும் சமாதானமாகி, அந்தப் பேச்சு இல்லாவிட்டால் பாதிப்பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையைவிட்டு நின்றிருப்பார்கள், உங்களால்தான் பேச உட்கார்ந்தார்கள் என்று கை குலுக்கினார். கறை மேசைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொருவரும் நன்றி சொல்லும்போது, அந்த நன்றிக்குரியவள் தனக்குப் பின்னால் எங்கோ நிற்கிறாள் என்று சைலன்சர் அக்காவுக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்காத குறைதான்.

நடந்ததை வகுப்பில் அப்படியே சொன்னாள். அது மோசமான பேச்சு என்றார் பல் மருத்துவர். பிடுங்கப் போன பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியதுபோல என்றார். நோயாளி நன்றி சொன்னால் அதுதான் சரியான பல் என்றார் தரகர். இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். பயிற்சியாளர் மட்டும் நெற்றியைச் சுருக்கி, "அந்த இடத்துல நிறுத்தினீங்களா, நின்னுபோச்சா?" என்று கேட்டாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். நின்றுபோனதுதான். ஆனால் நாக்கு திரும்பவும் புரண்ட பிறகும், கை தட்டல் அடங்கிய பிறகும், தொடர்ந்திருக்கலாம். தொடரவில்லை. "தெரியலம்மா," என்றாள்.

அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார். இத்தனை அமர்க்களத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது.

"அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு அங்க போகணுமா, வேண்டாமா?"

பெரிய ஜன்னலை நினைத்தால் போகலாம் என்றிருந்தது. நடந்தே வீட்டுக்கு வருகிற இந்த வழியை நினைத்தால் வேண்டாம் என்றிருந்தது. அவள் கையிலிருந்த சட்டையை உதறித் திரும்ப மடித்தாள். கணவர் அதற்குமேல் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கும் மடிப்பு புரியும்.

புதிய கட்டடத்தில் முதல் நாள், ஜன்னல் வழியே வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. வேனில் வந்து இறங்கியவர்கள் புத்தம் புது மேசைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பிடித்திருப்பதை முகத்தில் காட்டலாமா கூடாதா என்பதுதான் விளங்கவில்லை. மேனேஜர் கையைத் தட்டிக் கூட்டத்தை அமைதிப்படுத்திவிட்டு, அக்கா இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்றார்.

அவள் எதையும் தயார் செய்திருக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். உலர்த்தும் அண்ணன் அவள் பேசுமுன்பே தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். எந்த முகத்தைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"வண்டில துணி வந்து இறங்கியிருக்கு," என்றாள். "ஆரம்பிக்கலாம்."

கூடம் அதிரும்படி கை தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொல்லிவிட்டோம் என்று விளங்காமல் சைலன்சர் அக்கா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு முதல் விரிப்பை எடுத்து உதறினாள்.