தங்க ராஜாளி

அந்தத் துப்பாக்கியை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவ்வளவு அழகான பொருளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வால்நட் மரத்தில் செய்த பிடி, முகம் தெரிகிற மெருகு. இரண்டு பக்கமும் தங்கத்தில் ஒரு ராஜாளி இறக்கையை விரித்துப் பாய்கிற மாதிரி செதுக்கியிருந்தார்கள். அபுதாபியில் வேட்டைச் சாமான் கண்காட்சி நடந்தபோது எங்கள் அர்பாப் அதை வாங்கி, நீல வெல்வெட் வைத்த பெட்டியில் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் சொல்லுவோம். நல்ல மனுஷர். சம்பளத்தை இழுத்தடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஒரே குறை, தன்னுடையது எதுவும் குறைசொல்லும்படி இருக்காது என்று நம்புவார்.

தோட்டம் அல் ஐன் போகிற சாலையிலிருந்து உள்ளே மணலுக்குள் இருந்தது. பேரீச்சை, ஆடுகள், கொட்டில் நிறைய ஒட்டகங்கள். நான் அங்கே சமையல்காரன். பேர் சோலையப்பன், ஊர் பரமக்குடிப் பக்கம். துபாய் சத்வாவில் ஒரு கஃப்டீரியாவில் பல வருஷம் பரோட்டா தட்டியதில் அரபி வாயில் ஒட்டிக்கொண்டது. ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டவர் ராமையா அண்ணன், முதுகுளத்தூர்க்காரர். வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் கிளம்பு என்பதற்கு ‘யல்லா’, இல்லை என்பதற்கு ‘மாஃபி’, நான் என்பதற்கு ‘அனா’, இவை தவிர அவருக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. ஒட்டகங்களிடம் தமிழில்தான் பேசுவார். அவையும் கேட்டுக்கொள்ளும், ஒன்றைத் தவிர.

துப்பாக்கி வந்த வாரமே விருந்து. அர்பாபின் மச்சான் அபு ராஷித், இன்னும் உறவுக்காரர்கள். மணலில் பெப்சி டின்களை வரிசையாக வைத்தார்கள். அர்பாப் குறிபார்த்துச் சுட்டார். முதல் டின் பறந்தது. இரண்டாவதற்கு விசையை இழுத்தார், ‘டிக்’ என்றது. காலித்தோட்டா வெளியே வராமல் வாயிலேயே குறுக்கே சிக்கிக்கொண்டது. பேரீச்சம்பழக் கத்தியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். மறுபடி சிக்கியது. விருந்தாளிகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் காவா என்கிற அரபிக் காப்பியின் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர், “மாஷா அல்லாஹ், என்ன வேலைப்பாடு!” என்றார். மற்றவர்களும் வேலைப்பாட்டையே புகழ்ந்தார்கள். சுட்டதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இதே கதைதான். விற்ற கடைக்காரன் தோட்டா சரியில்லை என்றான். விலை கூடின தோட்டா வந்தது, அதுவும் சிக்கியது. மணல் பட்டிருக்கும் என்றான். அர்பாப் துடைத்துத் துடைத்து வைத்தார், அது சுடவில்லை. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருப்பது ஈரும் பேனுமாம். நான் அடுப்படியில் இதைச் சொன்னபோது ராமையா அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தத் துப்பாக்கி வேண்டியிருந்தது.

காரணம் ஸைஹான். கருத்த ஆண் ஒட்டகம், அர்பாபின் செல்லம். குளிர்காலம் வந்தால் ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கும். வாயில் நுரை தள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், தீனிகூடத் தின்னாது. போன குளிரில் அது ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்வியது. ராமையா அண்ணன் ஓடிப்போய் மூக்கில் கம்பால் ஒன்று போட்டார். குட்டி பிழைத்தது. ஸைஹான் அவரை நின்று பார்த்தது. அடுத்த தோட்டத்துப் பலூச்சிக் கிழவன் அதைக் கேள்விப்பட்டதும், “ஒட்டகம் மறக்காது பாய், அடுத்த குளிருக்குள்ள வேற வேலை பார்த்துக்கோ” என்றான். ஒட்டகம் ஆளைக் கடித்துக் கீழே தள்ளி, மேலே மண்டிபோட்டு நெஞ்சால் அரைத்துவிடும். அப்படிச் செத்தவன் ஒருவனை அந்தக் கிழவனே புதைத்திருக்கிறானாம்.

நான் அர்பாபிடம் சொன்னேன். அவர் ராமையா அண்ணனின் தோளில் கைபோட்டு, பெட்டியைத் திறந்து ராஜாளியைக் காட்டினார். “இது இருக்கு, நான் இருக்கேன். அது ராமையா பக்கத்துல வந்தா ஒரே வெடி, கலாஸ், முடிஞ்சது” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் அந்தத் தங்கப் பறவையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்குக் காவல்தெய்வத்தைக் காட்டின மாதிரி அவர் முகம் தெளிந்துவிட்டது.

அந்த வருஷம் பெருநாள் கழிந்து ஒரு வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. அண்ணன் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு தண்ணீர் மோட்டார், பிக்கப், மண்வெட்டி, கம்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். துபாய் தேராவிலிருந்து ஆள் மூலம் வாங்கி வைத்திருந்த சந்தனம். முந்தின நாள் டின் சுட்டுச் சலித்துப்போன அர்பாப், துப்பாக்கியை பிக்கப்பிலேயே சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் டீயோடு போனபோது அண்ணன் அதை மடியில் குப்புறப் போட்டு, விசைக்குப் பக்கத்தில் அடிப்பக்கமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னண்ணே பண்றீக? அது அர்பாப் துப்பாக்கி! நாம தொட்டாலே ஜெயில்ங்க. அதுல பொட்டு வேறயா?”

“கத்தாதப்பா. பூஜை போடாத ஆயுதம் எப்படி வேலை செய்யும்? அதான் சண்டித்தனம் பண்ணுது. அவுக கண்ணுல படாம அடியில தானே வச்சிருக்கேன்.”

“துடைங்க மொதல்ல. இவுக ஊர்ல இதுக்கு வேற பேரு. யாராச்சும் பாத்தா சூனியம்னு போலீசுல புடிச்சுக் குடுத்துருவாக.”

“நல்லதுக்கு வைக்கிறதை யாருப்பா சூனியம்பாக?” என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டால் துடைத்தார். நானும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை. மரமும் இரும்பும் சேருகிற சந்துக்குள் போனதை எந்தத் துண்டு துடைக்கும்?

அடுத்த நாள்தான் வேடிக்கை. அர்பாப் வந்தார், டின் வைத்தார், சுட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு சிக்கல் இல்லை. அர்பாப் குழந்தை மாதிரி கைதட்டினார். ராமையா அண்ணன் கொட்டில் ஓரமாக நின்று என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கிற காதா அது?

குளிர் இறங்கியது. ஸைஹான் பல்லைக் கடிக்கிற சத்தம் என் அடுப்படிவரை கேட்டது. அண்ணன் கொட்டிலுக்குள் எங்கே போனாலும் அதன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. வேறு யார் போனாலும் திரும்பாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காவா கொடுக்கப் போன இடத்தில் அர்பாபிடம் நேராகவே சொல்லிவிட்டேன். “அர்பாப், ஒட்டகத்தை வித்துருங்க. இல்லே ராமையாவை வேற தோட்டத்துக்கு அனுப்புங்க. அந்தத் துப்பாக்கியை நம்பாதீங்க, அது நல்ல துப்பாக்கி இல்லை.”

விருந்தாளிகள் உட்காரும் அந்த மஜ்லிஸில் ஆள் இருந்தது. அபு ராஷித் தாடிக்குள் சிரித்தார். அர்பாபின் முகம் சுருங்கிவிட்டது. “இப்போ சரியாயிடுச்சு. நீயே பார்த்தியே” என்றார் மெதுவாக. அதன்பின் காவா கொண்டுபோக வேறு ஆளை வைத்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். நான் சொல்லாதிருந்தால் ஒருவேளை விற்றிருப்பார். ஆட்கள் முன்னால் நான் அப்படிச் சொன்ன பிறகு அவர் எப்படி விற்பார்?

அது ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து, சாப்பாடு ஆகி, அர்பாபும் அபு ராஷித்தும் உறவுக்காரர்களும் வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், துப்பாக்கி அர்பாபின் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் டேங்கரிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கொட்டில் கம்பி முறிகிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஸைஹான் வெளியே நிற்கிறது.

அது ஓடி வரவில்லை. நடந்து வந்தது. பாயில் இருந்தவர்களைத் தாண்டி, ஆடுகளைத் தாண்டி, நேராக அண்ணனை நோக்கி. ஓடுங்கண்ணே என்று நான் கத்தினேன். அவர் ஓடவில்லை. டேங்கரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அர்பாபைப் பார்த்தார். அர்பாப் துப்பாக்கியோடு எழுந்துவிட்டார், அதைத்தான் அண்ணன் பார்த்தார். அந்த நம்பிக்கையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

அர்பாப் குறிபார்த்து விசையை இழுத்தார்.

‘டிக்.’

துப்பாக்கியின் பூட்டைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினார். மறுபடி ‘டிக்’. ஸைஹான் வாயைத் திறந்து கழுத்தை நீட்டியது. அண்ணனின் தலைத்துண்டுதான் அதன் பல்லில் சிக்கியது. அந்த இழுப்பில் அவர் கீழே விழுந்து, உருண்டு டேங்கருக்கு அடியில் போய்விட்டார். ஒட்டகம் துண்டைத் தரையில் போட்டது. முன்காலை மடக்கி அதன்மேல் மண்டிபோட்டது. நெஞ்சால் அரைக்க ஆரம்பித்தது. உள்ளே ஆள் இருப்பதாகவே நினைத்து அது அரைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் பிழைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அர்பாப் பொறுமை இழந்தார். எல்லோர் முன்னாலும் அவமானம். குழலின் வாயோரம் பிடித்துக்கொண்டு, சிக்கினதை உதறுவதற்குத் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்தினார்.

அது வெடித்தது. வேண்டியபோது வெடிக்காத சனியன் வேண்டாதபோது வெடித்தது. அர்பாபின் இடது கை ரத்தமாகிவிட்டது. கன்னமும் கிழிந்து அவர் போட்டிருந்த வெள்ளைக் கந்தூரா அங்கி முழுக்கச் சிவப்பு. அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸைஹான் சத்தத்துக்கு மிரண்டு மணல்மேட்டைத் தாண்டி ஓடியது. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். விரல்கள் போய்விட்டன, உயிருக்கு ஒன்றுமில்லை என்று போகும்போதே ஒருவர் சொன்னார்.

அபு ராஷித் போகவில்லை. அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். குத்தின குத்தில் பிடி பிளந்து, ராஜாளியின் ஓரம் கழன்று தொங்கியது. உள்ளே ஏதோ நிறமாகத் தெரிய, நகத்தால் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாக விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது என்ன?”

“எண்ணெய், பாபா. துப்பாக்கிக்குப் போடுற எண்ணெய் காய்ஞ்சு போயிருக்கும்.”

“எண்ணெய் இல்லை. சந்தனம். சிவப்பு என்ன? மறைச்சு வச்சிருக்காங்க.” குரலை உயர்த்தவே இல்லை. “என் மச்சான் கையைத் தின்னது துப்பாக்கி இல்லை. யாரோ செஞ்சிருக்காங்க. யார்?”

அத்தனை நாள் அந்தத் துப்பாக்கி சிக்கிச் சிக்கி நின்றதை இதே ஆள் காவாக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சகித்தவர்தான். அதெல்லாம் இப்போது எங்கே போனது? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. துப்பாக்கி சொத்தை என்று ஒப்புக்கொள்வதைவிட இது அவர்களுக்குச் சுலபம். தெரியாது, பழைய கறையாக இருக்கும், கடையிலிருந்தே வந்திருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அப்போது ராமையா அண்ணன் டேங்கருக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் மணல், முழங்கை சிராய்ப்பு. செத்துப் பிழைத்தவனின் சிரிப்பு முகத்தில்.

“அர்பாப் எப்படிப்பா இருக்காக?”

“உயிருக்கு ஒண்ணுமில்ல. நீங்க பேசாம ரூமுக்குப் போங்க. போங்கண்ணே, கும்புடுறேன்.”

அவர் போகவில்லை. அபு ராஷித்தின் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டார். அவர் கண் விரிந்தது. “அட, இன்னும் இருக்கா? பாத்தியா சோலை, நீ துடைக்கச் சொன்னே. அதுதான் ரெண்டு உசிரையும் காப்பாத்துச்சு. அவுகளும் அதைத்தான் கேக்குறாகளா? சொல்லுப்பா, நாந்தான் வச்சேன்னு சொல்லு.”

“வாயை மூடுங்கண்ணே!”

“ஏன்ப்பா?” அவருக்கு என் பயம் புரியவே இல்லை. நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும், அபு ராஷித்தின் பக்கம் திரும்பி, அவர் விரலைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார்.

“அனா” என்றார். “அனா, அனா.”

அபு ராஷித் துப்பாக்கியைப் பாயின்மேல் பதனமாக வைத்தார். விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு போனை எடுத்தார். ராமையா அண்ணன் நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், பாராட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.