சென்செய் ஒதுக்கிய சில்லறை

நிசாந்தன் யப்பானில் இரண்டு வருஷம் மீன் பெட்டி அடுக்கிவிட்டு வந்தவன். வேலணையில் வந்து இறங்கியதும் சென்செய் ஆகிவிட்டான். சென்செய் என்றால் அந்தப் பாஷையில் வாத்தியார். தையல் கடை ஒன்றின் மேல்மாடியில் பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டு வகுப்புத் தொடங்கினான். வைகாசி வெக்கையிலும் கோட்டுப் போட்டிருப்பான். உள்ளே வருகிறவர்கள் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். வளைவு போதாவிட்டால் வெளியே போய்த் திரும்ப வர வேண்டும். யப்பானில் அவன் சரியாகப் படித்துக்கொண்டு வந்தது அந்த வளைவை மட்டுந்தான்.

சிவப்பிரியா நயினாதீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். குஞ்சிதபாத ஐயரின் மகள். யப்பானில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தாள். கோயிலில் பூசை செய்யும் தமையன் குருபரனுக்கு இது பெரிய மானக்கேடு.

"ஐயர் வீட்டுப் பிள்ளை அங்கை போய்க் கிழடுகளைக் குளிக்க வாக்கப் போறியோ?"

"ஓம். நீங்கள் கல்லுக்கு வாக்கிறியள். நான் மனிசருக்கு வாக்கிறன்."

அன்றோடு அவன் அவளுடன் கதைப்பதை விட்டான். அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. இருந்து படிக்க வீட்டில் அமைதி கிடைத்தது.

வகுப்பில் அவளைக் குடைந்தது சொற்களல்ல. சொற்களுக்குப் பின்னால் வால் மாதிரி வந்த ஒற்றை எழுத்துகள். வா, கா, ஒ, நி, தொ. ஒருநாள் எழும்பிக் கேட்டாள்.

"சென்செய், சினேகிதி எண்ட சொல் ஒண்டுதான். ஒரு வசனத்திலை அதுக்குப் பின்னாலை 'தொ' வருகுது, மற்றதிலை 'நி' வருகுது. ஏன்?"

"அதுகள் சும்மா சில்லறை," என்றான் நிசாந்தன். "வா எண்டால் இங்கிலீசிலை இஸ். கா எண்டாலும் இஸ். மிச்சத்துக்கு அர்த்தமில்லை. நீர் ஐயர் வீட்டு ஆள்தானே, மந்திரம் மாதிரிப் பாடமாக்கும்."

வகுப்புச் சிரித்தது. பக்கத்துக் கதிரைத் தர்சனா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அதே சந்தேகத்தோடுதான் இருந்தாள்.

அன்று பின்னேரம் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை கத்திக்கொண்டு நின்றார். "இந்தக் கதிரை ஆருக்கு? ஆரோட அனுப்பினது? எதிலை வைக்கிறது?" மடியில் பாடப்புத்தகத்தோடு இருந்த சிவப்பிரியா நிமிர்ந்தாள். ஆருக்கு, அது நி. ஆரோட, அது தொ. கதிரையைத் தூக்கு என்றால் அந்த 'ஐ'தான் ஒ. தமிழில் சொல்லின் பின்னால் ஒட்டுவதைத்தானே யப்பான்காரரும் ஒட்டுகிறார்கள்! இங்கிலீசுக்குள்ளால் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் நின்ற சாமானை இந்த மனுசன் தொலைத்துவிட்டானே என்று அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

வாவும் காவும் மட்டும் லேசில் பிடிபடவில்லை. உதாரணங்களைத் திருப்பித் திருப்பி வாசித்துத்தான் கண்டுகொண்டாள். என்னைப் பற்றி ஒன்று சொல்லத் தொடங்கினால், 'நான் எண்டால்' என்கிற மாதிரி, வா. ஆர் என்று கேட்டவருக்கு 'நான்தான்' என்று சொன்னால், கா.

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னாள். நிசாந்தன் கோட்டை இழுத்துவிட்டான்.

"தமிழைக் கொண்டு யப்பான் பாஷை படிக்கிறாவாம். பிறகென்ன, பஞ்சாங்கத்தைக் கொண்டு இன்சினியரிங்கும் படிக்கலாம்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிணறு வற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு யாரும் வாளியை இறக்குவதில்லை.

நேர்முகம் ஆவணி மாதம் வந்தது. யப்பானிலிருந்து ஒரு முதியோர் இல்லத்து அம்மா மடிக்கணினித் திரையில் தோன்றினார். மாணவர்கள் வரிசையாக இருந்தார்கள். வரிசையின் கடைசிக் கதிரையில் நிசாந்தனும் இருந்தான். சென்செய் தானும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்த சங்கதி அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த அம்மா பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். படுக்கையில் கிடக்கும் ஒருவரின் நனைந்த துணியை மாற்ற வேண்டும், உங்களில் யார் செய்வீர்கள்?

"வத்தாஷி கா யரிமஸ்," என்றாள் சிவப்பிரியா. நான்தான் செய்வேன்.

கடைசிக் கதிரையிலிருந்து, "வா! வா!" என்று நிசாந்தன் கிசுகிசுத்தான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. திரையில் அந்த அம்மா தலையாட்டிப் புன்னகைத்தார்.

நிசாந்தனின் முறை வந்தது. யப்பானில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஒரு கிழவர். அவரோடு சேர்ந்து சாப்பிட்டதைச் சொல்ல நினைத்தான். அதற்கு 'தொ' வேண்டும்.

"ஒஜீசான் ஒ தபெமஷ்தா!"

கிழவரைச் சாப்பிட்டேன்.

அந்த அம்மாவின் கண் விரிந்தது. "ஒஜீசான் ஒ?" என்று 'ஒ'வை அழுத்திக் கேட்டார். தப்பிக்கத் தந்த கதவு அது. நிசாந்தன் அதை ஓங்கிச் சாத்தினான்.

"ஹய்! ஒய்ஷிகத்தா தெஸ்!"

ஓம், நல்ல ருசி.

தர்சனா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சிவப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசனுக்கு முன்னால் இத்தனை மாதம் இடுப்பை வளைத்தோமே என்று அருவருப்பாக இருந்தது.

முடிவு வந்தபோது அவள் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை. அன்றைக்கு இன்ரநெற் லைன் சரியில்லை, குரல் விழுங்கிப் போச்சு என்று வேலணை முழுக்கச் சொல்லித் திரிந்தான். பிறகு குறிகட்டுவான் துறையில் அவளை மறித்தான்.

"வகுப்புக்கு ஒரு பதாகை அடிக்கிறன். உம்மட படத்தைப் போடலாமோ? என்னட்டைப் படிச்ச பிள்ளை எண்டு."

"உம்மட்டை நான் படிக்கேல்லை," என்றாள் சிவப்பிரியா. "உம்மட வகுப்பிலை இருந்து படிச்சனான். வித்தியாசம் விளங்குதோ?"

விளங்கவில்லை. பதாகை வந்தது, அவள் பெயரில் எழுத்துப்பிழையோடு.

அவள் யப்பானுக்குப் போய்ச் சில மாதங்களில் தர்சனா குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். தர்சனா அடுத்த நேர்முகத்துக்காக இன்னும் அதே மேல்மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, இப்ப அவர் 'நி' எண்டால் 'க்கு', 'தொ' எண்டால் 'ஓட' எண்டு படிப்பிக்கிறார். தான் யப்பானிலை இருக்கேக்கை கண்டுபிடிச்ச முறையாம். எழும்பிச் சொல்லட்டோ, இது சிவப்பிரியா அக்கா சொன்னது எண்டு?"

சிவப்பிரியா வேலை இடைவேளையில் ஒரு கதிரையில் இருந்தபடி அதைக் கேட்டாள். பதில் அனுப்ப அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"வேண்டாம். இப்பவாவது பிழையில்லாமல் ஒண்டு படிப்பிக்கிறார். குழப்பாதையும்."