கொம்பு வைத்த முகம்

மசூதிச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பை நொஸ்ரத் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தாள். பசை இன்னும் காயவில்லை. மேல் மூலை கிழிந்து வந்தது. நடுவில் அச்சிட்டிருந்த அரக்கனின் முகம் வரவில்லை.

"அத்தை, எல்லாரும் பாக்கறாங்க," என்றான் கமால், இறந்தவரின் மகன்.

"பாக்கட்டும். காஜி வீட்டுப் பிள்ளை செத்ததுக்குப் பச்சை மூஞ்சியும் கொம்புமா போடுவே? என் தம்பிக்குன்னு ஒரு மூஞ்சி இல்லையா?"

"அப்பா பேரை மனூச்சேர்னு போட்டா யாருக்குத் தெரியும்? அரக்கன்னு போட்டா கஸ்வீன் ஊரே வரும்."

"வேடிக்கை பாக்க வரும். அழ வராது."

அந்த அரக்கன் வருவது ஒரு பழைய இளவரசன் கதையில். இரண்டு முறை சினிமாவாகவும் ஒருமுறை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இளவரசனாக நடித்தவன் ஒவ்வொரு முறையும் மாறினான். அரக்கன் வேஷம் மட்டும் எப்போதும் மனூச்சேர்தான். நொஸ்ரத் எதையும் பார்த்ததில்லை. அந்தக் கதையைக் கடைசிவரை படித்தவன் வீடு வாசலை இழந்து அலைவான் என்பார்கள். அவர்கள் வீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாள்களை அப்பா தம் கையாலேயே கறுப்பு நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார்.

மனூச்சேர் டெஹ்ரானுக்குப் போய், மனைவியைப் பறிகொடுத்து, வாடகை அறை அறையாக மாறியபோதெல்லாம், கேட்ட உறவினர்களுக்கு நொஸ்ரத் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "முடிவைத் திரையில பாத்துட்டான். அலையறான்." நாற்பது வருடம் சொன்னாள். போன நவ்ரூஸ் புத்தாண்டுக்கு அவன் வந்திருந்தபோதும், தேநீர் ஊற்றிக்கொண்டே அவன் காதுபடச் சொன்னாள். அவன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பெத்தவர் பேச்சை அவன் மதிச்சிருந்தா..." என்று இப்போதும் ஆரம்பித்தாள்.

கமாலின் முகம் சிவந்தது. "போதும் அத்தை. அப்பா அந்த முடிவைப் பாத்ததே இல்ல."

"மூணு தடவை நடிச்சவன் பாக்கலையாம்."

"அரக்கன் பாதியிலேயே செத்துடுவான். அதுவரைக்கும்தான் பாப்பார். தியேட்டர்னா எழுந்து வெளியே போயிடுவார். வீடுன்னா டிவியை அணைச்சிடுவார். இளவரசிக்கு என்ன ஆச்சுன்னு நான் அழுவேன். 'எனக்கும் தெரியாதுடா, பாத்தா அக்கா வைவா'ம்பார்."

உள்ளே பெண்கள் துக்க அல்வாவுக்கு மாவு வறுக்கும் வாசனை வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நொஸ்ரத் கைப்பையைத் திறந்தாள். உள்ளறையிலிருந்து, ஓரம் மஞ்சளித்த சின்னப் படம் ஒன்றை எடுத்தாள். மீசை அரும்பாத மனூச்சேர், கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். ஈரப் பசையை விரலால் வழித்து அதன் முதுகில் தடவி, அரக்கன் முகத்தின் மேல் வைத்தாள். படம் சிறியது. கொம்பு இரண்டும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

"கொம்பை மட்டும் கிழிச்சிடவா, அத்தை?"

அவள் பசை காயும்வரை படத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.