ஞானம்மா சுட்ட ஈரல் வில்லை

ஒரு நாய்க்காக யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பவர்கள் நாய் வளர்த்ததே இல்லை. ஞானம்மாவுக்கு வயிறு எரிந்தது. பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் கிடைக்காமல் நிற்பவளின் எரிச்சல் அது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் லைன் வீடு. புருஷன் அந்தோணிக்கு இரும்புக் கம்பெனியில் வேலை. ஒருமுறை ஷிப்டு முடிந்து வரும்போது கம்பெனி கேட் ஓரம் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். அதனால் அதற்கு ஷிப்டு என்றே பேர் விழுந்தது. பால் புகட்டியது, உண்ணி பொறுக்கியது, குளிப்பாட்டியது எல்லாம் ஞானம்மாதான். பிள்ளையில்லாத வீட்டில் ஷிப்டுதான் பிள்ளை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் பழவேற்காட்டிலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள் நசீம் பானு. அவள் புருஷன் சிப்காட் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே ஷிப்டு கட்சி மாறிவிட்டது. சாயங்காலமானால் எதிர்வீட்டுப் படிக்குக் கீழே போய் வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஞானம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் ஒரு காதை மட்டும் திருப்பும். நன்றி கெட்ட ஜென்மம்!

இதில் கொடுமை என்னவென்றால், நசீம் பானு அதைத் தொடக்கூட மாட்டாள். நாயின் எச்சில் மேலே படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தள்ளி நின்று, டப்பாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் தூக்கிப் போடுவாள். ஷிப்டு எகிறிக் கவ்வும். அவ்வளவுதான் அவர்களுடைய உறவு.

"தொடாதவகிட்ட இவ்ளோ கொஞ்சலா? தொட்டு வளத்தவ இன்னா, கரண்டு கம்பமா?" என்று அந்தோணியிடம் பொருமினாள்.

"அதுக்கு வயிறுதாண்டி சாமி. நீயும் அதுபோல செஞ்சு போடேன்" என்றான் அவன்.

மறுநாள், கேட்காத மாதிரி கேட்டாள். "இன்னா பானு, எந்தக் கடையில வாங்குற இந்த பிஸ்கோத்து?"

"கடையில ஏதுக்கா? ஊட்ல செய்யறதுதான். கோழி ஈரல வேக வெச்சு மசிச்சு, பரங்கிக்காயும் அரிசி மாவும் போட்டுப் பெசஞ்சு, தட்டி, கல்லுல சுட வேண்டியதுதான். உப்பு கூடாது, மசாலா கூடாது. எங்க கடைக் காவலுக்கு ஒரு நாயி இருந்துச்சுக்கா. பிரியாணி எலும்பு குத்திச் செத்துப் போச்சு. அப்புறம்தான் டாக்டரக் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன். நாய்க்கு ஒத்துக்காதது நெறைய இருக்குதுக்கா. முக்கியமா..."

"சரி சரி, அடுப்புல சோறு கொதிக்குது" என்று ஞானம்மா திரும்பிவிட்டாள். தன் பிள்ளைக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று இவள் சொல்லித் தரவேண்டுமா!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அதற்கே இந்த நாய் இப்படி மயங்குகிறதென்றால், தன் கைப்பக்குவத்துக்கு என்ன ஆகும்? ஞானம்மா ஈரலை நெய்யில் வதக்கினாள். கத்திரி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருந்தது. உடம்புக்குக் குளிர்ச்சி என்று சின்ன வெங்காயத்தை உரித்து, கை நிறைய அரைத்துக் கலந்தாள். மணம் தெருவைத் தூக்கியது. ஷிப்டு தட்டையும் சேர்த்து நக்கியது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஞானம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க அதையே சுட்டாள், நாளுக்கு நாள் வெங்காயத்தையும் கூட்டினாள்.

வாரக் கடைசியில் ஷிப்டு படுத்துவிட்டது. ஈறு வெளுத்துப் போயிற்று. மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது.

"அவதான் இன்னாமோ போட்டுட்டா" என்று அழுதுகொண்டே, அந்தோணியோடு ஆட்டோ பிடித்துப் பொன்னேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"என்ன சாப்பிட்டுது?" என்று கேட்டார் டாக்டர்.

"எதிர் ஊட்டம்மா தெனமும் இன்னாமோ போடறாங்க சார்."

"என்னம்மா போடறாங்க?"

ஈரல், பரங்கிக்காய், அரிசி மாவு, உப்பில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"அது நல்ல தீனிதானே. வெங்காயம், பூண்டு ஏதாவது குடுத்தீங்களா?"

ஞானம்மா குனிந்து ஷிப்டின் காதை நீவத் தொடங்கினாள். அந்தோணிதான் சொன்னான்: "குளிர்ச்சிக்குன்னு சின்ன வெங்காயம் போட்டா சார்."

"நமக்குத்தாம்மா அது குளிர்ச்சி. நாய்க்கு வெங்காயம் விஷம், ரத்தத்தையே அழிச்சிடும்." டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்தார். "மாத்திரை உள்ளே போகணும், அது சாப்பிடணும். சாப்பிட்டா பிழைச்சுக்கும்."

வீட்டுக்கு வந்தபின் ஷிப்டு பல்லைக் கடித்துக்கொண்டது. ஞானம்மா கெஞ்சினாள், கொஞ்சினாள், திட்டினாள். அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னாக்கா ஆச்சு?" வாசலில் நசீம் பானுவின் குரல். கதவைச் சாத்திவிடத்தான் ஞானம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் குரலுக்கு ஷிப்டின் வால் ஒருமுறை அசைந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"உள்ள வா பானு. மாத்திரைய முழுங்க மாட்டேங்குது. வெங்காயம் போட்டுட்டேன். நான்தான்."

நசீம் பானு தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஈரல் மசியலைக் கொண்டுவந்து, மாத்திரையை உள்ளே ஒளித்து உருட்டி, வழக்கம்போலத் தூக்கிப் போட்டாள். உருண்டை தரையில் விழுந்து கிடந்தது. கவ்வ ஷிப்டுக்குத் தெம்பில்லை. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் ஏந்தி, வாயைப் பிளந்து, வேறொரு மாத்திரை உருண்டையை விரலால் உள்ளே தள்ளினாள். ஷிப்டு விழுங்கியது. அவள் உள்ளங்கையில் மிச்சமிருந்ததையும் நக்கித் தின்றது.

கர்த்தாவே, பிழைத்துக்கொண்டது! ஞானம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அதே கண்ணால் அந்த மடியையும் பார்த்தாள். தனக்கென்று மிச்சமிருந்தது தொடுகிற பாத்தியதை ஒன்றுதான். அதுவும் போயிற்று.

"அக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று நசீம் பானு முற்றத்துக்கு வந்து கையை நீட்டினாள். "நாய் எச்சி பட்டா ஏழு தபா கழுவணும், அதுல ஒரு தபா மண்ணு போட்டு."

மண்ணை ஞானம்மாவே அள்ளிக் கொடுத்தாள். சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினாள்.

"ஏழு ஆச்சுக்கா, போதும்."

"இரு" என்றாள் ஞானம்மா, சொம்பை மறுபடி வாளிக்குள் முக்கிக்கொண்டே. "இன்னும் போவல."