நாக்கில் மட்டும்

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு எங்கள் கோயிலில் கூடுகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சிலுவை அடையாளம் போடத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், ஆனால் ஈ ஓட்டுவதைப் போலப் போடுவார்கள். கீபோர்டுக்காரன் காணிக்கைப் பாட்டுக்குக் கல்யாண ரிசப்ஷன் மெட்டைப் போடுவான். பீடத்தில் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் திரி. நற்கருணை அப்பம் இருக்கும் பேழைக்கு முன்னால் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு சிவப்பு ஜீரோ வாட் பல்பாக மாறிப் பல வருஷமாயிற்று. கரண்ட் போனால் ஆண்டவரும் வெளியே போய்விடுவார் போலிருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னதற்கு இளைஞர் குழுவில் எனக்கு வைத்த பட்டம் போப்பாண்டவர்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு பட்டுக்கடைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிற வேலை. அப்பா வைத்த பெயர் ஜான்சன். பவுடர் டப்பாவின் பெயர். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் ஒரு புனிதர் கிடையாது. உறுதிபூசுதலின்போது நானே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்: தார்சிசியுஸ். மறைத்து எடுத்துப்போன நற்கருணையைக் கொடுக்க மறுத்து அடிபட்டுச் செத்த ரோமாபுரிச் சிறுவன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து லத்தீன் பூசையைப் பிரிண்ட் எடுத்து மனப்பாடம் செய்திருந்தேன். குருவின் கைகள் மட்டுமே எண்ணெய் பூசி அர்ச்சிக்கப்பட்டவை, ஆண்டவருடைய உடலாக மாறிய அப்பத்தை வேறெந்தக் கையும் தொடக்கூடாது என்பது என் சட்டம். அதனால் ஃபாதருக்கு முன்னால் முழந்தாளிட்டு, நாக்கில்தான் வாங்குவேன். கூட்டம் அதிகமென்று பக்கத்து வரிசையில் நின்று கொடுக்கிற இன்சூரன்ஸ் ஏஜெண்டின் பக்கம் போகவே மாட்டேன். அவரிடம் கை நீட்டிய குற்றத்துக்காக என் அம்மாவோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வரிசையில்தான் அவளைப் பார்த்தேன். நெற்றி நிறையக் குங்குமம், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்குவதைப் போல வலது கையைக் குவித்து நீட்டினாள். "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லி ஏஜெண்ட் அப்பத்தை வைத்தார். ஆமென் வரவில்லை என்பதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்? அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயில் போடவில்லை. முந்தானை நுனியில் வைத்து மெதுவாக முடிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசை முடிந்த கையோடு பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஃபாதர் அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"விடுப்பா ஜான்சன். நல்ல மனசோடதானே எடுத்துட்டுப் போயிருக்காங்க? ஆண்டவருக்குத் திரும்பி வர வழி தெரியாதா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவருக்கு ஏழரைக்கு ஒரு வீடு மந்திரிக்கப் போக வேண்டும். அங்கே பிரியாணி உண்டு.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற எல்லம்மாளுக்கு அவளைத் தெரிந்திருந்தது. "லோகாம்பாளா? சின்ன காஞ்சிபுரம், தண்ணி டேங்க் பக்கத்துத் தெருவு. மூணு வாரமா வந்துக்கினு இருக்குது பாவம்" என்றாள். சைக்கிளை மிதித்தேன். தார்சிசியுஸ் நானேதான் என்று தோன்றியது. அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. முன்கூடத்திலேயே தறி, மேலே பழைய போர்வை போர்த்தியிருந்தது. அதை ஒட்டிய கட்டிலில் அவள் கணவர் ராஜகோபால் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தார். மஞ்சள்பொடி டப்பாவுக்கும் பெருமாள் படத்துக்கும் நடுவில் அப்பத்தைத் திணித்து வைத்திருப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அது தனியாக ஒரு மணைமேல், துலக்கிய பித்தளைத் தட்டில் இருந்தது. முன்னால் ஒரு அகல். எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குபா. வாதம் வந்து மூணு மாசமாச்சு, பேச்சே இல்ல. காலையிலேர்ந்து நான் பச்சத்தண்ணி குடிக்கல. தலைக்கு ஊத்திக்கினு வந்து குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

நான் அன்று ஐந்து மணிக்கு டீக்கடையில் போண்டா தின்றிருந்தேன். நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பிடாமலிருக்கிற ஒருசந்தி கணக்குப்படி சரியாகத்தான் வந்தது.

"இது உங்களுக்கு இல்லம்மா. ஞானஸ்நானம் வாங்குனவங்கதான் சாப்பிடணும். திருப்பிக் குடுத்துடுங்க."

"நானா எடுக்கலியேபா. அவருதான கையில வெச்சாரு?"

"அவருக்கு அறிவில்ல. தெரியாம குடுத்துட்டாரு."

"சாமி பிரசாதத்துல கூடவா உன்னுது என்னுது?"

இந்தத் தெருவில் என் தாத்தா செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. அவருடைய பேரன் நான் அதே தெருவில், ஒரு வீட்டுக்குள் நின்று, உனக்கு இது கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்வதில் ஒரு ருசி இருந்தது. அவள் கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோபா. பாவம் வந்துடப்போவுது."

அப்போதுதான் உறைத்தது. என்னால் அதைத் தொட முடியாது. தட்டோடு எடுத்துப் போகலாமென்றால் சைக்கிள். தெருவெல்லாம் பள்ளம், காற்று வேறு. தட்டிலிருந்து நாக்கால் எடுப்பது நாய் செய்கிற வேலை. அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். யோசித்துப் பார்த்தால் ஏற்கெனவே அதைத் தொட்ட கை அவளுடையது ஒன்றுதான் அங்கே இருந்தது.

"நீங்களே என் நாக்குல வெச்சிடுங்கம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. தறிக்குழியின் ஓரத்தில், சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டேன். கை கூப்பி, கண்ணை மூடி, நாக்கை நீட்டினேன். பூசையில் செய்வதைப் போலவே, ஒரு குறையுமில்லாமல் செய்தேன். விரல்கள் தட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தேன்.

லோகாம்பாள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜகோபால் என்னையே கவனித்திருக்கிறார், இதை இப்படித்தான் வாங்க வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறார். நல்ல கையை நெஞ்சின்மேல் வைத்து, கண்ணை மூடி, கோணிப்போன வாயை முடிந்த மட்டும் திறந்திருந்தார். நாக்கு கொஞ்சம் வெளியே வந்திருந்தது, கடைவாயில் எச்சில் வழிந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் கை அப்பத்தோடு நின்றது.

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.