நட்டாற்றில் திதி

தூமென் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஒக்தான் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கூடையில் அரிசிப் பலகாரம், கருவாடு, ஒரு குப்பி சாராயம். எதிரே தெரிகிற குன்றில் அவள் அம்மாவைப் புதைத்திருக்கிறது. குன்று கொரியாவில் இருக்கிறது, மகள் சீனாவில் இருக்கிறாள். பஞ்சகாலத்தில் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன அம்மா, காய்ச்சலில் கிடந்த ஒக்தானைச் சித்தியிடம் விட்டுப்போனாள். பிறகு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னவள் வரவேயில்லை.

வருஷம் தவறாமல் தம்பி அந்தக் குன்றில் விழுந்து கும்பிட்டு வந்தான். போன குளிர்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இன்று அம்மாவின் திதி. பெற்றவளுக்கு விழுந்து கும்பிட இவளை விட்டால் நாதியில்லை. அனுமதிக்காக நடையாய் நடந்ததுதான் மிச்சம். செத்தவர்களைப் பார்க்க அனுமதி கிடையாதாம். போங்கடா நீங்களும் உங்கள் அனுமதியும்.

ஆறு இரண்டு நாட்டுக்கும் பொது. தண்ணீரில் நிற்கிறவரைக்கும் யாரும் எல்லை தாண்டியவரில்லை, எதிர்க்கரையில் கால் வைத்தால்தான் குற்றம். இரு கரையிலும் துணி துவைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆற்றுக்குள்ளேயே நின்று கும்பிட்டால் எவன் கேட்பது?

கேட்கவும் ஆள் வந்தது. தென்சீனாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த எல்லைக் காவலர் பெங், வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“பெரியம்மா, மேல வாங்க. எல்லையைத் தாண்டிட்டீங்க.”

“எங்க இருக்கு எல்லை?”

“நடு ஆத்துல. மேப்புல கோடு போட்டிருக்கு.”

“நான் மேப்புல நிக்கலையே, தண்ணியிலல்ல நிக்கறேன். இறங்கி வந்து கோட்டைக் காட்டுங்க. தாண்டியிருந்தா நானே திரும்பிடறேன்.”

“வயசானவங்களாச்சேன்னு பாக்கறேன். விளையாடாதீங்க.”

“எங்கம்மாவுக்குத் திதி. இதுல விளையாட்டு வேறயா?”

ஒக்தான் கூடையை ஒரு பாறைமேல் இறக்கினாள். சாராயத்தை ஆற்றில் ஊற்றினாள். குன்றைப் பார்த்து மண்டியிட்டாள். நெற்றி தரையில் பட்டால்தான் அது கும்பிடு. குனிந்தாள். தலை தண்ணீருக்குள் போய், நெற்றி கூழாங்கல்லில் முட்டியது. குளிர் மண்டைக்குள் ஏறியது. உன்மேல எனக்கு இன்னும் கோபம் தீரலம்மா, ஆனா வந்துட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தலையைத் தூக்கியபோது பெங் பூட்ஸோடு இறங்கி அவள் தோளைப் பிடித்திருந்தார். அதே நேரம் அக்கரைப் புதரிலிருந்து ஒரு சிப்பாய் எழுந்தான். கிழவிகள் ஆற்றில் இறங்குவதை அவன் தினமும் பார்க்கிறவன். சீருடையும் இடுப்பில் துப்பாக்கியுமாக ஒருவர் இறங்கி அவன் பார்த்ததில்லை. துப்பாக்கியை நீட்டி, கொரிய மொழியில் கத்தினான்.

பெங்கின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. “என்ன சொல்றான்?”

“ஆயுதத்தோட எதுக்கு ஆத்துல இறங்கினேன்னு கேக்கறான். ஓடினா சுடுவானாம்.”

“இப்ப என்ன பண்றது?”

“திதிக்கு வந்தவங்கன்னு சொல்றேன். மண்டி போடுங்க.”

“நானா?”

“நான்தான் ஏற்கெனவே போட்டிருக்கேனே.”

பெங் மண்டியிட்டார். ஒக்தான் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி குரலெடுத்தாள். “அந்தக் குன்றுல இருக்கறது எங்கம்மாதாம்ப்பா. திதி கும்பிட வந்திருக்கோம்.” சிப்பாய் குன்றைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் துப்பாக்கியை இறக்கவில்லை.

“குனியுங்க” என்றாள். இருவர் தலையும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போய் வெளியே வந்தன. பெங்கின் தொப்பி மிதந்து போயிற்று. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான், நகரவில்லை.

பெங் இருமிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார். ஒக்தான் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எங்க போறீங்க? எனக்கு ரெண்டு ஆச்சு, உங்களுக்கு ஒண்ணுதான் ஆயிருக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் ஒரு கும்பிடு. செத்தவங்களுக்கு ரெண்டு.”

பெங் அக்கரையைப் பார்த்தார். சிப்பாயும் அந்த இன்னொன்றுக்காகத்தான் காத்து நின்றான்.

அவர் மறுபடியும் குனிந்தார்.